பங்குனியில் வந்த பத்து முயல்கள்: செட்டிநாட்டு வீடொன்றில் கறிமுயல் வளர்ப்பு – ஒரு நிகழ்வு ஆய்வு

கால்நடை மருந்தகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், என் தெருவிலேயே ஒரு குடும்பம் வீட்டுக் கொல்லையில் கறிமுயல் வளர்க்கத் தொடங்கியது. முதல் ஓராண்டில் நடந்ததை அவர்கள் சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன். சில முடிவுகளில் எனக்கும் பங்கு உண்டு, பிழையிலும் உண்டு. பெயர் எதுவும் இதில் இல்லை.

பின்னணி

கணவன், மனைவி, கணவனின் அம்மா, இரண்டு பிள்ளைகள். கணவர் மலேசியாவில் ஒன்பது ஆண்டு வேலை பார்த்துத் திரும்பியவர். இப்போது வாடகை வண்டி ஓட்டுகிறார். மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார். குடியிருப்பது ஒரு பெரிய நகரத்தார் வீட்டின் மூன்றாம் கட்டில், அதாவது வீட்டின் பின்பகுதியில். வீட்டுக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள், விசேஷத்துக்கு மட்டும் வந்து போவார்கள். மற்ற நாளெல்லாம் வீட்டைத் திறந்து பெருக்கிப் பார்த்துக்கொள்வது இந்தக் குடும்பத்தின் பொறுப்பு. பின்னால் கேணியோடு நல்ல கொல்லை, அகத்தியும் முருங்கையும் நிற்கின்றன.

முயல் யோசனை கணவருடையது. ஆட்டுக்கறி வாங்கி மாளவில்லை, கோழி பிள்ளைகளுக்கு அலுத்துவிட்டது, இடமும் தழையும் சும்மா கிடக்கின்றன என்று கணக்குப் போட்டிருந்தார். அவர் அம்மாவுக்கும் ஆசை. சின்ன வயதில் பொட்டலில் பிடித்து வந்த காட்டு முயலின் ருசி அவர் நாக்கில் இன்னும் இருந்தது. காட்டு முயலை வேட்டையாடுவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதை அவருக்கு நான்தான் எடுத்துச் சொன்னேன். கூண்டில் வளர்க்கும் முயல் வேறு இனம். அதை வளர்ப்பதற்கும் உண்பதற்கும் அந்தச் சட்டத்தில் தடை இல்லை.

வாங்கிய விதம்

ஒரு முகவர் வீடு தேடி வந்தார். ஏழு பெண், மூன்று ஆண், ஆகப் பத்து முயல் ஒரு 'யூனிட்'. கூண்டோடு 26,000 ரூபாய். பிறக்கும் குட்டிகளை இரண்டு கிலோ ஆனதும் நாங்களே எடுத்துக்கொள்வோம் என்று முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்தார். இரண்டு பெண்ணும் ஓர் ஆணும் போதும், அதையும் ஆடி கழித்து வாங்குங்கள் என்றேன் நான். கணவர் யோசிக்காமல் முடிவெடுக்கவில்லை. பத்தாக வாங்கினால் ஒன்றின் விலை குறைகிறது, திரும்ப வாங்கும் உறுதி எழுத்தில் இருக்கிறது, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்குள் முதல் குட்டி விற்றுவிடும். இதுதான் அவர் கணக்கு. 2012இல் ஈமு கோழியில் ஊர் ஊராகப் பணம் போனதை நினைவுபடுத்தினேன். "அது கம்பெனி, இது முயல்தானே அண்ணே" என்றார்.

பங்குனிக் கடைசியில் முயல்கள் வந்தன. வெள்ளை ஜெயன்டும் சாம்பல் நிறச் சோவியத் சின்சில்லாவும் கலந்திருந்தன. ஐந்து மாதம் ஆன முயல்கள் என்று சொல்லியிருந்தார்கள். தூக்கிப் பார்த்தால் பெரும்பாலானவை ஒன்றரைக் கிலோதான், மூன்றரை மாதத்துக்கு மேல் இருக்காது. ஒவ்வொன்றையும் மல்லாத்தி, குறியை இரண்டு விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தேன். ஆணுக்கு வட்டமாகப் பிதுங்கும், பெண்ணுக்கு நீளக் கீறலாகத் தெரியும். மூன்று ஆண் என்று வந்ததில் ஒன்று பெண். ஆக எட்டுப் பெண், இரண்டு ஆண். பணம் கொடுப்பதற்கு முன் செய்திருக்க வேண்டிய சோதனை இது, ஐந்து நிமிட வேலை.

முதல் கோடை

கூண்டுகளைக் கொல்லையின் மேற்குச் சுவரை ஒட்டித் தகரக் கொட்டகையில் வைத்திருந்தார்கள். காலையில் நிழலாக, நல்ல இடமாகத் தெரிந்ததுதான் காரணம். பிற்பகல் இரண்டு மணிக்குப் போய் யாரும் நின்று பார்க்கவில்லை.

முயலுக்கு வியர்க்காது. உடம்புச் சூட்டைக் காது வழியாகவும் மூச்சு வழியாகவும்தான் வெளியேற்ற முடியும். 15 முதல் 25 டிகிரி வரை அதற்குச் சுகம். 30 தாண்டினால் தீனி குறையும், 35 தாண்டினால் உயிருக்கே ஆபத்து. சித்திரை மூன்றாம் வாரம் ஒரு நாள் மாலை மனைவி ஓடி வந்து கூப்பிட்டார். நான் போனபோது இரண்டு பெண் முயல்கள் கால் நீட்டிச் செத்துக் கிடந்தன. ஓர் ஆண் முயல் தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்து இளைத்துக்கொண்டிருந்தது. மூக்கும் உதடும் ஈரம், காது தொட்டால் சுட்டது. காதை ஈரத்துணியால் துடைத்து, நிழலில் கிடத்தி, மெல்ல ஆற்றினோம். இரவு தாண்டவில்லை. மறுநாள் இரண்டரை மணிக்கு அந்தக் கொட்டகையில் வெப்பமானியை வைத்துப் பார்த்தேன்: 41 டிகிரி.

மூன்றாம் கட்டுத் தாழ்வாரத்தில் அதே நேரம் 34தான் இருந்தது. கனத்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, ஓட்டுக்கூரை, முற்றத்துக் காற்று. நம் வீடுகளைக் கட்டியவர்கள் வெயிலை அறிந்து கட்டியிருக்கிறார்கள். ஆனால் வீடு அவர்களுடையது அல்லவே. கணவர் சென்னைக்குப் போன் செய்து தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஆச்சி, முயலை வெயில்ல வச்சிருக்கோம், செத்துப்போகுது. மூணாங்கட்டுத் தாழ்வாரத்துல வச்சுக்கிடவா?"

"வச்சுக்கப்பா, வாயில்லாச் சீவன். ரெண்டாங்கட்டுப் பக்கம் மட்டும் கொண்டாந்துராதே. மூத்திரம் தரையில விழுகாமப் பாத்துக்க, அந்தக் கல்லு கறை புடிச்சாப் போகாது."

கூண்டுகளுக்கு அடியில் தகரத் தட்டு வைத்து, தினம் இரண்டு முறை கழுவினார்கள். மோருக்கு வைத்திருந்த பிளாஸ்டிக் புட்டிகளில் தண்ணீரை உறையவைத்து, பகல் பன்னிரண்டு மணிக்குக் கூண்டுக்கு ஒன்றாகப் போட்டார்கள். முயல்கள் அதில் உடம்பைச் சாய்த்துப் படுத்துக்கொண்டன. தீனி வைக்கும் நேரம் விடியற்காலைக்கும் இரவுக்கும் மாறியது. கத்திரி வெயில் முடியும்வரை அப்புறம் ஒன்றுகூடச் சாகவில்லை. பத்தில் மீந்தது ஏழு: ஆறு பெண், ஓர் ஆண்.

முகவரின் எண் ஆனியில் எடுக்கப்படவில்லை. ஆடியில் அந்த எண்ணே இல்லை. முத்திரைத்தாள் பீரோவில் இருக்கிறது.

சினை பிடிக்காத மாதங்கள்

ஆனியில் எடை இரண்டே கால் தாண்டிய நான்கு பெண்களைச் சேர்க்கைக்கு விட்டார்கள். பெண்ணைத்தான் ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மாற்றிச் செய்தால் பெண் தன் இடத்தைக் காக்கச் சண்டைக்கு வரும். அது சரியாகவே நடந்தது, சேர்ந்ததையும் கண்ணால் பார்த்தார்கள். பதினான்காம் நாள் வயிற்றைத் தடவிப் பார்த்தேன். சினையானால் திராட்சை போல உருண்டைகள் விரலுக்குத் தட்டுப்படும். நான்கிலும் ஒன்றுமில்லை.

பெண்கள் மலடு, விற்றுவிடலாம் என்று கணவர் சொன்னார். வேண்டாம் என்றேன். கடும் வெயிலில் அடிபட்ட ஆண் முயலின் விந்து பல வாரங்களுக்குப் பயன்படாது. ஆள் திடமாக இருக்கும், ஏறும், சேரும், சினை மட்டும் நிற்காது. புது விந்து ஊறி வர ஏறத்தாழ இரண்டு மாதம் வேண்டும். அதுவரை ஆணுக்கு நல்ல தீனியும் குளிர்ந்த மூலையும் கொடுத்துக் காத்திருப்பது என்று முடிவு செய்தோம். ஆவணிக் கடைசியில் மூன்று பெண்களைச் சேர்த்ததில் இரண்டு சினை பிடித்தன. நம் பகுதியில் முயல் வளர்ப்பின் பஞ்சாங்கத்தை வெயில்தான் எழுதுகிறது என்று நான் நம்பத் தொடங்கியது அப்போதுதான்.

முதல் ஈற்று

இங்கேதான் என் பிழை. முயலின் சினைக்காலம் சராசரி 31 நாள். முப்பதாம் நாள் குட்டிப் பெட்டி வைத்தால் போதும் என்று சொல்லிவிட்டேன். முதல் பெண் 29ஆம் நாள் இரவே ஈன்றுவிட்டது. பெட்டி இல்லாத கம்பித் தரையில் ஐந்து குட்டிகள். காலையில் பார்த்தபோது ஐந்தும் விறைத்துக் கிடந்தன. 27ஆம் நாளே பெட்டி உள்ளே போயிருக்க வேண்டும். இதை எழுதும்போதும் மனம் கனக்கிறது.

இரண்டாவது பெண்ணுக்கு அன்றே பெட்டி வைத்தோம். பழைய பழப்பெட்டிப் பலகை, உள்ளே காய்ந்த புல்லும் உதறிய தேங்காய் நாரும். மறுநாள் மதியம் அது வாய் நிறையப் புல்லைக் கவ்விக்கொண்டு பெட்டிக்கும் மூலைக்குமாக நடந்தது. அப்புறம் தன் வயிற்று ரோமத்தையே பிடுங்கிப் பிடுங்கிப் போட்டு மூடியது. விடிந்து பார்த்தால் பெட்டிக்குள் வெள்ளைப் பஞ்சு மேடு. கையை வைத்தால் உள்ளே கதகதப்பாக எதுவோ துடிக்கிறது. ஆறு குட்டிகள்.

பெரியம்மா, அதாவது கணவரின் அம்மா, எட்டிப் பார்த்துவிட்டுக் கலங்கிப்போனார். "குறைமாசமாப் போட்டுருச்சுடா" என்று மகனிடம் சொன்னார். அவர் சிறுவயதில் பார்த்த காட்டு முயல் குட்டி ரோமத்தோடு, கண் திறந்தே பிறப்பது. கூண்டு முயலின் குட்டி ரோமமில்லாமல், கண் மூடிச் சிவப்பாகப் பிறக்கும். பத்துப் பன்னிரண்டு நாளில்தான் கண் திறக்கும். அவருக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பகலெல்லாம் தாய் பெட்டிக்குள் போகாததையும் அவர் பார்த்தார். தாய் ஒதுக்கிவிட்டது என்று இரக்கப்பட்டு, ஒரு குட்டிக்கு மருந்துச் சொட்டுக் குழாயில் பசும்பால் புகட்டினார். பால் மூச்சுக்குழாயில் ஏறி அது இறந்தது.

தாய் முயல் ஒரு நாளைக்கு ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறைதான் பால் கொடுக்கும், அதுவும் சில நிமிடம், பெரும்பாலும் இருட்டில். தாய் உள்ளே போகிறதா என்று காத்திருந்து பார்க்க வேண்டியதில்லை. காலையில் குட்டியைக் கையில் எடுத்து வயிற்றைப் பார்த்தால் போதும். பால் குடித்த வயிறு உருண்டையாக இருக்கும், மெல்லிய தோலுக்குள் பால் வெள்ளையாகவே தெரியும். குடிக்காத குட்டியின் தோல் சுருங்கிக் கிடக்கும். மறுநாள் முதல் பெரியம்மாவே அந்த வேலையை எடுத்துக்கொண்டார். கையைக் கழுவி, அந்தக் கூண்டின் புல்லில் தேய்த்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பார். அவரைவிடக் கவனமாகப் பார்த்தவர் அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை.

ஐந்தாம் நாள் கட்டெறும்பு ஏறி இன்னொரு குட்டி போனது. கூண்டின் நான்கு கால்களையும் எண்ணெய் ஊற்றிய கொட்டாங்கச்சிகளில் நிறுத்தியபின் அந்தத் தொல்லை இல்லை. மீந்தது நான்கு. ஐப்பசியில் வேறு இரண்டு பெண்கள் சேர்ந்து பன்னிரண்டு குட்டி போட்டு, பதினொன்று பிழைத்தன. பெட்டி சரியான நாளில் வைத்ததன் பலன் அது.

மழைக்காலம்

கோடையை எல்லாரும் பயந்து எதிர்கொள்கிறார்கள், மழையில் அசந்துவிடுகிறார்கள். கார்த்திகையில் தாயிடமிருந்து பிரித்த குட்டிகளுக்குக் கழிச்சல் கண்டது. ஐந்து வாரம் முதல் எட்டு வாரம் வரை குட்டியின் குடல் மிக நொய்மையானது. மழையில் நனைந்த அருகம்புல்லை அப்படியே போட்டிருந்தார்கள். சந்தையில் கழித்துப்போட்ட முட்டைக்கோஸ் இலையும் சேர்ந்திருந்தது. வயிறு உப்பி, பின்பக்கம் நனைந்து, கூனிக்கொண்டு உட்கார்ந்தன. மருத்துவர் புழுக்கையைப் பரிசோதித்து ரத்தக்கழிச்சல் நோய் என்று உறுதி செய்து, தண்ணீரில் கலக்க மருந்து கொடுத்தார். அதற்குள் பதினைந்தில் ஐந்து போய்விட்டன.

பிறகு மாற்றியது இதுதான்: தழையை முதல் நாளே அறுத்து, தாழ்வாரத்தில் பரப்பி வாட்டி, மறுநாள் போடுவது. தரையில் போடாமல் கொத்தாகக் கட்டித் தொங்கவிடுவது. கோஸ் இலைக்கு முழுத்தடை. அகத்தி, கல்யாண முருங்கை, வேலிமசால் ஆகியவற்றோடு காய்ந்த புல் எப்போதும் கூண்டில் இருக்க வேண்டும். புதுவயல் அரிசி ஆலைத் தவிடு, மக்காச்சோளம், கடலைப் பிண்ணாக்கு, தாது உப்புக் கலந்த தீவனம் வளர்ந்த முயலுக்கு நாளொன்றுக்கு நூறு கிராம் அளவில். ஈரம் கண்டு பூசணம் வாசம் அடிக்கும் பிண்ணாக்கைக் கொட்டிவிடச் சொன்னேன், பூசண நஞ்சு முயலுக்குக் கொஞ்சமும் தாங்காது.

அதே மாதம் இரண்டு தாய் முயல்களின் மூக்கிலும் காது ஓரத்திலும் சாம்பல் நிறப் பொருக்கு. சொறி. மனைவியின் முன்கையிலும் அரிப்பு வந்துவிட்டது, இது மனிதருக்கும் ஒட்டும். மருத்துவர் எடை பார்த்து ஐவர்மெக்டின் ஊசி போட்டார், இரண்டு வாரம் கழித்து மறு ஊசி. கூண்டுகளைத் தீயில் வாட்டி எடுத்தார்கள். ஊசி போட்ட முயலை எத்தனை நாள் கறிக்கு அறுக்கக் கூடாது என்பதையும் அவரிடமே கேட்டு, கூண்டில் தேதி எழுதித் தொங்கவிட்டோம்.

கறி

தைப் பொங்கல் நெருங்க, வீட்டில் ஒரு மௌனம் வந்தது. மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் எல்லாக் குட்டிகளுக்கும் பெயர் வைத்திருந்தாள். முதல் அறுப்பை ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கண்ணெதிரே செய்யப் போனார்கள். அவள் கூண்டைக் கட்டிக்கொண்டு அழுததில் யாருக்கும் கை வரவில்லை. இதைச் சிறு விஷயமாக நான் நினைக்கவில்லை. வீட்டில் கறிக்கு வளர்ப்பவர்கள் முதலில் பேசித் தீர்க்க வேண்டியதே இதுதான். அம்மா அவளை உட்காரவைத்து ஒளிக்காமல் பேசினார். தாய் முயல்களும் ஆண் முயலான கிடாவும் நம்மோடு இருப்பவை, அவற்றுக்கு நீ பெயர் வை. குட்டிகள் கறிக்கு, அவற்றுக்குப் பெயர் வேண்டாம். இரண்டு பெண் குட்டிகளைத் தாயாக வளர்க்க அவளே தேர்ந்தாள். அறுப்பது பள்ளி நாளில் என்றானது.

ஆக எட்டு முயல் கறிக்கு. பதின்மூன்று வாரத்தில் சராசரி 1.9 கிலோ இருந்தன. முந்தின இரவு முதல் தீனி நிறுத்தி, தண்ணீர் மட்டும் கொடுத்து, தொழில் தெரிந்த உறவினரைக் கொண்டு அறுத்தார்கள். உயிர் எடையில் பாதி கறி தேறியது. முயல் கறியில் கொழுப்பு மிகக் குறைவு. முதல் குழம்பு ஆட்டுக்கறி போலப் பெருந்தீயில் கொதித்து நார்நாராக வறண்டுவிட்டது. அடுத்ததைப் பெரியம்மா செய்தார்: நல்லெண்ணெய் தாராளமாக, கல்பாசி, சோம்பு, சின்ன வெங்காயம், மிளகு இடித்துப் போட்டு, மூடிவைத்துச் சிறுதீயில் முக்கால் மணி நேரம். மகள் அன்று சாப்பிடவில்லை. அடுத்த மாதம் கொஞ்சம் சாப்பிட்டாள்.

விற்பனையும் கணக்கும்

எட்டில் மூன்று வீட்டுக்கு. ஐந்தைத் தெரிந்தவர்கள் உயிரோடு கிலோ 350 ரூபாய்க்கு வாங்கினார்கள், அதில் 3,300 ரூபாய் வந்தது. காரைக்குடியில் ஒரு மெஸ்ஸில் கேட்டார் கணவர். வாரம் பத்துக் கிலோ தவறாமல் தருவதானால் எடுக்கிறோம் என்றார்கள். ஆறு தாய் முயலை வைத்துக்கொண்டு அதற்கு வாக்குக் கொடுக்க முடியாது, கொடுக்கவும் இல்லை. கூடுதலாக இருந்த மூன்று பெண் முயல்களை ஒன்று 700 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டார்கள்.

செலவு: முயலும் கூண்டும் 26,000, தீவனம் 9,400, மருந்தும் மருத்துவச் செலவும் 1,900. வரவு 5,400, அதோடு வீட்டுக்கு மூன்று முயல் கறி. கூண்டுகள் இன்னும் பல வருடம் உழைக்கும் என்பதைச் சேர்த்தாலும் முதல் ஆண்டு நட்டம்தான். முகவரின் தாளில் போட்டுக் காட்டிய வருமானத்தில் வெயிலும் இல்லை, மழையும் இல்லை.

மறுபடி தொடங்கினால்

இதை அந்தக் கணவர் வாயாலேயே கேட்டு எழுதினேன். யூனிட் வாங்க மாட்டேன், இரண்டு பெண், ஓர் ஆண் போதும். ஆடி கழிந்து வாங்குவேன், கோடை வருவதற்குள் மூன்று நான்கு ஈற்று பார்த்துவிடலாம். எடையும் குறியும் பார்க்காமல் பணம் தர மாட்டேன். கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலுள்ள மத்திய அரசின் செம்மறியாடு, உரோம ஆராய்ச்சி மையத்தில் நல்ல இன முயல் கிடைக்கும். ஆனால் அந்தக் குளிரில் வளர்ந்தது நம் வெயிலுக்கு நேரே வந்தால் கஷ்டப்படும். ஆகவே சமவெளியில் ஒரு கோடை கண்ட தாயின் குட்டியைத் தேடி வாங்குவேன்.

நான் சேர்ப்பது ஒன்று. சேர்த்த தேதியைச் சுவர்க் காலண்டரில் எழுதி, 27ஆம் நாளைச் சிவப்பில் வட்டமிட வேண்டும். முப்பதாம் நாள் போதும் என்று நான் சொன்னதால் போன ஐந்து குட்டிகளை நான் மறக்கவில்லை.

இப்போதைய நிலை

மூன்று தாய், மகள் தேர்ந்த இரண்டு இளம் பெண். பழைய கிடாவை அதன் மகள்களோடு சேர்க்கக் கூடாது என்பதால் அதைக் கொடுத்துவிட்டு, புதுக்கோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் பிறந்த கிடா ஒன்றை வாங்கினார்கள். மாசியில் மூன்று தாய்களும் ஈன்று, பதினேழு குட்டிகளில் பதினைந்து நிற்கின்றன. பங்குனி பிறந்ததும் சேர்க்கையை நிறுத்திவிட்டார்கள். கிடா இப்போது தாழ்வாரத்தில், முற்றத்துக் காற்று நேரே வரும் மூலையில் இருக்கிறது. அதன் கூண்டின் மேல் வெப்பமானி தொங்குகிறது. பகல் இரண்டு மணிக்கு அதைப் பார்த்து நோட்டில் எழுதுவது மகளின் வேலை, பள்ளி நாளில் பெரியம்மாவின் வேலை.